அடுத்த தீபாவளிக்கும் செய்வீர்களா?

எடை குறைப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரிதான் போட்டோம். வந்த கடிதங்களைப் பார்த்தால், தமிழ்நாட்டில் பாதிப்பேர் ஏதோ ஒரு டயட்டில் இருக்கிறார்கள், மீதிப்பேர் வருகிற திங்கட்கிழமை தொடங்கப் போகிறார்கள் என்று தெரிகிறது. மதுரையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இப்போது செய்வதை அடுத்த தீபாவளிக்கும் செய்துகொண்டிருப்பீர்களா?" "அது எப்படி டாக்டர் முடியும்?" என்று பதில் வந்தால், அன்றைக்கே அதை நிறுத்தச் சொல்லிவிடுவேன். கீழே உள்ள பதில்களிலும் அந்தக் கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 43 வயது. தம்பி கல்யாணத்துக்காகச் சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் பழம், மதியம் வேகவைத்த காய், ராத்திரி மோர். இரண்டு மாதத்தில் 9 கிலோ குறைந்தது. கல்யாணம் முடிந்து ஏழு மாதத்தில் 11 கிலோ ஏறிவிட்டது. "உனக்கு வாயைக் கட்டத் தெரியாது" என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரியா?
*வாசகி, திண்டுக்கல்*

உங்கள் வீட்டுக்காரரை ஒரே ஒரு வாரம் ராத்திரி மோரைக் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம். இரண்டு மாதம் அப்படி இருந்தவருக்கா வாயைக் கட்டத் தெரியாது?

குறைந்த 9 கிலோவும் கொழுப்பு இல்லை. ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் உடம்பு சேர்த்து வைத்திருக்கும். அதில் ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரும் கூடவே இருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதலில் காலியாவது இந்த இருப்பும் தண்ணீரும்தான். முதல் வாரத்தில் எடை இயந்திரம் காட்டும் அதிசயம் பெரும்பாலும் இதுதான். அப்புறம் பழமும் காயும் மோருமாக இருந்ததில் புரதம் போதவில்லை, அதனால் தசையும் கொஞ்சம் கரைந்திருக்கும். திரும்ப ஏறும்போது தசை அப்படியே திரும்பி வராது. கொழுப்பு வரும்.

இன்னொன்றும் நடக்கிறது. நீங்கள் தம்பி கல்யாணத்துக்காகப் பட்டினி கிடக்கிறீர்கள் என்று உடம்புக்குத் தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துச் செலவைக் குறைத்துக்கொள்ளும், பசியைக் கூட்டும். அமெரிக்காவில் டிவியில் நடந்த எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, அந்த நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் 6 வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. போட்டியில் அவர்கள் சராசரியாக இழந்தது 58 கிலோ. அதில் 41 கிலோ திரும்ப வந்திருந்தது. அதைவிடக் கவலையான விஷயம், அவர்களுடைய உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 குறைந்தே கிடந்தது, 6 வருடம் கழித்தும். கோடிக்கணக்கான பேர் பார்க்க, பயிற்சியாளர்கள் சூழ, பரிசுக்காகப் போராடியவர்களுக்கே இந்தக் கதி. அவர்களுக்கும் வாயைக் கட்டத் தெரியாது என்று சொல்வாரா உங்கள் வீட்டுக்காரர்?

அப்படியானால் யாருக்குமே குறைந்து நிற்பதில்லையா? நிற்கிறது. அதே அமெரிக்காவில் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ எடையைக் குறைத்து, ஒரு வருடமாவது அதை ஏறாமல் பார்த்துக்கொண்டவர்கள் மட்டும் அதில் சேரலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டால் பதில்கள் ஒரே மாதிரி வருகின்றன. பெரும்பாலோர் காலைச் சாப்பாட்டை விடுவதில்லை. வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். டிவி முன்னால் குறைவாக உட்காருகிறார்கள். சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள், அதிலும் அதிகம் பேர் செய்வது வெறும் நடை.

இனி உங்கள் சமையலறைக்கு வருவோம். சோற்றையும் இட்லியையும் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் வேலையாக எண்ணெய்க் கணக்கு எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் எவ்வளவு எண்ணெய் என்று கேட்டால் "5 லிட்டர் டாக்டர்" என்பதுதான் நான் அடிக்கடி கேட்கிற பதில். அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்குத் தினமும் 16 மில்லிக்கு மேல் குறைகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மில்லி, சுமார் 120 கலோரி. ஆக ஆளுக்கு 130 கலோரிக்கு மேல் மிச்சம். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கும் சேர்த்தே குறையும், அவரிடம் சொல்லக்கூட வேண்டாம். மாத முதல் தேதியில் 3 லிட்டர் வாங்கி, தீர்ந்தால் அந்த மாதம் அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளிக்கக் கேனைச் சாய்க்காதீர்கள், கரண்டியால் எடுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வாயில் போடுவது. "வீணாப் போகுதே" என்று நம் வீட்டுப் பெண்கள் தின்று தீர்க்கும் அரைத் தோசையும் கால் சப்பாத்தியும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிள்ளைகளுக்கு முதலிலேயே குறைத்துப் போடுங்கள், கேட்டால் இன்னொன்று வார்த்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு வேளையும் தட்டில் புரதம் எங்கே என்று பாருங்கள். ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், கெட்டிப் பருப்பு, மீன், தயிர், எது கிடைக்கிறதோ அது. சோறு ஒரு பங்கு என்றால் காய் இரண்டு பங்கு. மூன்றையும் செய்து மாதம் ஒரு கிலோ குறைந்தால் பிரமாதம். தம்பிக்கு ஒரே கல்யாணம்தானே, இனி அவசரம் ஒன்றும் இல்லை.

வயது 29, உயரம் 172 செ.மீ., எடை 92 கிலோ. சென்னையில் ஐ.டி. வேலை. ஸ்மார்ட் வாட்ச் வாங்கியிருக்கிறேன். தினமும் 10,000 அடி நடந்தால்தான் பலன் உண்டாமே? 4,000-ஐத் தாண்ட முடியவில்லை. வெறுத்துப் போய் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டேன்.
*வாசகர், துரைப்பாக்கம்*

தம்பி, அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்கிற நடையளவு கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டார்கள். பெயர் 'மன்போ-கேய்'. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். சொல்லவும் விற்கவும் வசதியான எண், அவ்வளவுதான். எந்த டாக்டரும் அளந்து பார்த்துச் சொன்னது இல்லை. 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் வயதான பெண்களை வைத்து அளந்தார்கள். 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கு மரண ஆபத்து கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடி வரை பலன் கூடியது, அதற்கு மேல் பெரிதாகக் கூடவில்லை. நீங்கள் 29 வயசுக்காரர், எடையும் குறைக்க வேண்டும், அதனால் 7,500-க்கு மேல் போனாலும் நல்லதுதான். ஆனால் 4,000 என்பது பூஜ்யம் இல்லை. வாட்சைத் திரும்பக் கட்டுங்கள். இந்த மாதம் 5,000.

உட்கார்ந்த வேலையின் விலை என்ன என்பதை லண்டன் டவுன் பஸ்களில் கண்டுபிடித்தார்கள். 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் கணக்கை எடுத்து வெளியிட்டார். அங்கே மாடி பஸ். டிரைவர் ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஏறக்குறைய ஒரே வருமானம். ஆனாலும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் உயிர் போவது குறைவு. பிறகு யூனிஃபார்ம் தைத்த அளவுகளையும் எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு பெரிதாக இருந்தது! எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது. இரண்டு பேரும் ஜிம்முக்குப் போனதாக அதில் எங்கும் இல்லை.

உங்கள் ஆபீஸில் நீங்கள்தான் டிரைவர். கண்டக்டராக மாற வழி தேடுங்கள். போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசுவது, லிஃப்ட்டில் இரண்டு மாடி முன்னாலேயே இறங்கிப் படியேறுவது, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிடம் கட்டடத்தைச் சுற்றுவது. இவை தவிர வாரம் 150 நிமிடம் வேக நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்தின் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது 150 முதல் 300 நிமிடம், கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. தண்டால் எடுக்க முடியாவிட்டால் சுவரில் கை ஊன்றித் தொடங்குங்கள்.

92-ஐ 70 ஆக்குவது எப்படி என்று இப்போது யோசிக்க வேண்டாம். முதலில் 6 கிலோ, அதுவும் 6 மாதத்தில். அந்த 6 கிலோவுக்கே ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மரியாதை கொடுக்கும். அப்புறம், ராத்திரி 11 மணிக்குப் போனில் ஆர்டர் போடுகிற அந்த ஆப்பை என்ன செய்வதென்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஊர் பரமக்குடி பக்கம் ஒரு கிராமம். சர்க்கரை எல்லையில் இருக்கிறது, நடங்கள் என்று நர்ஸம்மா சொன்னார். ரெண்டு நாள் ரோட்டில் நடந்தேன். "என்னடி, சும்மா வீதியைச் சுத்துற? வீட்ல வேலை இல்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.
*வாசகி, வயது 38*

நகரத்தில் இருந்துகொண்டு பத்திரிகையில் எழுதுகிற எங்களைப் போன்றவர்கள் மறந்துபோகிற விஷயம் இது. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நூறு பேர் நடக்கும்போது நீங்கள் நூற்றியொன்றாவது ஆள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிராமத்தில் காரணமில்லாமல் நடக்கிற பெண் என்றால் ஊருக்கே செய்தி.

காரணத்தோடு நடங்கள். பக்கத்து ஊர்க் கோயில், ரேஷன் கடை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது. பைக்கில் ஏறிப் போகிற தூரத்தில் எது ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கிறதோ அதைக் காலுக்கு மாற்றுங்கள். இன்னும் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருத்தி நடந்தால் கேள்வி கேட்பார்கள், மூன்று பேர் நடந்தால் "நானும் வரட்டா?" என்பார்கள். மகளிர் குழுவில் இருந்தால் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து நடப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

எதுவுமே நடக்காதென்றால் மொட்டை மாடி. மாடியும் இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே ரேடியோவைப் போட்டுக்கொண்டு, நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி நடப்பது. பத்து நிமிடமாக மூன்று தடவை பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும்.

ஒரு எச்சரிக்கை. "நாள் முழுக்க வீட்டு வேலைதானே செய்றேன், அது போதாதா?" என்று கேட்பீர்கள். கிணற்றில் நீர் இறைத்து, அம்மியில் அரைத்து, உரலில் இடித்த காலத்து வேலை என்றால் போதும், மேலாகவே போதும். மிக்ஸியும் மோட்டாரும் வந்த பிறகு களைப்புதான் மிஞ்சுகிறது, மூச்சு வாங்குவதில்லை. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது உங்கள் மாமியாரையும் முன்னால் உட்கார வைத்து, நடக்கச் சொன்னதைத் திரும்ப ஒரு முறை சொல்ல வையுங்கள். அதற்கப்புறம் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்திதான் சாப்பிடுகிறேன். மூன்று வருடமாகியும் தொப்பை அப்படியே இருக்கிறதே?
*ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பாளையங்கோட்டை*

ஐயா, நூறு கிராம் அரிசியும் நூறு கிராம் கோதுமை மாவும் கலோரியில் ஏறக்குறைய சமம், சுமார் 350. கோதுமையில் புரதமும் நாரும் கொஞ்சம் அதிகம், உண்மைதான். ஆனால் எத்தனை சப்பாத்தி, கல்லில் எவ்வளவு எண்ணெய், தொட்டுக்கொள்ள என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் என்றால், ஒரு கிண்ணம் சோறும் ரசமும் பொரியலும் எவ்வளவோ மேல். திருநெல்வேலியில் இருந்துகொண்டு சோற்றை விட்ட பாவம் வேறு. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் கொண்டுவாருங்கள், சாப்பிட்டதும் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். அல்வா பற்றி நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

தினமும் காலையில் கொள்ளுத் தண்ணீர், தேன், எலுமிச்சை. கொழுப்பு கரையுமா?
*வாசகி, நாமக்கல்*

கரையாது. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பாட்டிமார் சொன்னது கொள்ளைத் தின்னச் சொல்லி. நூறு கிராமில் சுமார் 22 கிராம் புரதம், நல்ல நார், வயிறு நிறையும், இன்னொரு கரண்டி சோறு கேட்காது. துவையலாகவும் ரசமாகவும் சுண்டலாகவும் சாப்பிடுங்கள். வேகவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போட்டால் மாடுதான் தேறும். தேன் சர்க்கரைதான், வேறு பெயரில்.

61 வயது, 78 கிலோ. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. எடை குறைந்தால் வலி குறையும் என்கிறார் டாக்டர். நடந்தால்தான் எடை குறையும். நடந்தால் முட்டி வலிக்கிறது. நான் எங்கே போவது?
*வாசகி, தஞ்சாவூர்*

சிக்கலை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை அம்மா.

நடை இரண்டாம் கட்டம். முதலில் தொடை. முட்டியைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது வலுத்தால் மூட்டுக்கு ஏறும் அதிர்ச்சி குறையும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். இரண்டு வாரம் போனதும், கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, முதலில் கையை ஊன்றி, பிறகு ஊன்றாமல். வலி கூர்மையாகக் குத்தினால் நிறுத்திவிடுங்கள். தசை இழுப்பது போன்ற வலி பரவாயில்லை. பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் ஒரு முறை நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள். தரையில் சம்மணம் போடுவதைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள்.

நடையைத் தொடங்கும்போது சமதரையில் ஐந்து நிமிடம், செருப்பு மெத்தென்று இருக்க வேண்டும். நிலையாக நிற்கிற உடற்பயிற்சி சைக்கிள் வீட்டில் பேரனுக்கென்று வாங்கித் துணி காயப்போட்டு வைத்திருந்தால் துணியை எடுத்துவிட்டு ஏறுங்கள், அது முட்டிக்கு நல்ல பயிற்சி.

எடை இறங்குவதில் பெரும்பங்கு உங்களுக்குச் சாப்பாட்டில்தான் கிடைக்கும். பெரிய எண்ணை நினைத்து மலைக்க வேண்டாம். முட்டி தேய்ந்தவர்களை வைத்து 2005-ல் வந்த ஓர் ஆய்வுப்படி, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறும் சுமை நாலு கிலோ குறைகிறது. நீங்கள் 3 கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடிக்கும் 12 கிலோ. அதை முட்டி உணரும்.

பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். ராத்திரி 11 மணிக்குப் பரோட்டா, 3 மணிக்கு டீயும் பன்னும். பகலில் நாலைந்து மணி நேரம்தான் தூக்கம். ஒரு வருடத்தில் 8 கிலோ ஏறிவிட்டது. வேலையை மாற்ற முடியாது.
*வாசகர், திருப்பூர்*

மாற்றச் சொல்ல மாட்டேன். வயிற்றுப்பாடு தெரியாமல் ஆலோசனை சொல்வது எளிது.

உங்களிடம் நான் முதலில் கேட்பது தூக்கம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2022-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிற, எடை கூடிய இளைஞர்களை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தூங்க வைத்தார்கள். வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை. அவர்கள் சாப்பிட்டது தன்னால் நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைந்தது. டயட் கிடையாது, ஜிம் கிடையாது, தூக்கம் மட்டும்! ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, போன் வேறு அறையில், "அப்பா தூங்குகிறார்" என்று பிள்ளைகளுக்கு ஒரு சட்டம். ஷிஃப்ட் முடிந்து வரும்போது வழியில் குடிக்கிற டீயை விட்டுவிடுங்கள், அதுதான் தூக்கத்தைத் தள்ளுகிறது.

முழுச் சாப்பாட்டை வேலைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். 11 மணிக்கு வீட்டிலிருந்து இரண்டு அவித்த முட்டை, அல்லது ஒரு டப்பா சுண்டல். பரோட்டாவை ஒரேயடியாக விடுங்கள் என்று மதுரைக்காரியான நான் எந்த முகத்தோடு சொல்வது? வாரம் ஒரு நாள், சம்பள நாள் மாதிரி. 3 மணி டீ இருக்கட்டும், சர்க்கரையைப் பாதியாக்குங்கள், பன் வேண்டாம்.

தைராய்டு இருக்கிறது. அதனால்தான் 20 கிலோ கூடிவிட்டேன்.
*வாசகி, ஈரோடு*

தைராய்டு சுரப்பு குறைந்தால் எடை கூடும், ஆனால் பொதுவாக 2 முதல் 5 கிலோ வரைதான், அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். மாத்திரை சரியான அளவில் இருக்கிறதா என்று டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். மீதிக்கு மேலே திண்டுக்கல் வாசகிக்கு எழுதியதைப் படியுங்கள்.

என் மகளுக்கு 23 வயது, 160 செ.மீ., 58 கிலோ. தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். மூன்று மாதத்தில் 10 கிலோ குறைக்க நல்ல டயட் சார்ட் கொடுங்கள்.
*ஒரு தந்தை, விருதுநகர்*

கொடுக்க மாட்டேன்.

எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. உங்கள் மகளுக்கு 22.7 வருகிறது. நம் நாட்டவருக்கு 23-க்குக் கீழ் இருந்தால் சரியான எடை. வெள்ளைக்காரர்களுக்கு 25 வரை விடுகிறார்கள், நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதால் கோட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அந்தக் கண்டிப்பான கோட்டுக்குள்ளேயே உங்கள் பெண் இருக்கிறார். 48 கிலோவுக்குக் கொண்டுவந்தால் முடி கொட்டும், ரத்தம் குறையும், மாதவிலக்கு தள்ளிப் போகும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்றால் அவர்களுக்கும் இந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்பிவிடுங்கள்.

மகளுக்கு இரும்புச்சத்து சரியாக இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை, பிடித்த விளையாட்டு ஒன்று, அவ்வளவு போதும். உங்களிடம் ஒரு கேள்வி ஐயா. வீட்டில் தையல் டேப் இருக்கும். தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை விட்டுவிட்டு, உங்கள் வயிற்றை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ. வரை. அதற்கு மேல் இருந்தால் டயட் சார்ட் உங்களுக்கு அனுப்புகிறேன்.

எடை குறைக்கும் ஊசி இந்தியாவுக்கே வந்துவிட்டதே? இவ்வளவு பாடுபட வேண்டுமா?
*தொழிலதிபர், கோவை*

2025-ல் மவுஞ்சாரோவும் வீகோவியும் இங்கே விற்பனைக்கு வந்தன. நல்ல மருந்துகள். நான் எதிரி இல்லை. உடல் நிறைக் குறியீடு மிக அதிகமாக இருந்து, சர்க்கரை, மூச்சுத் திணறல், தூக்கத்தில் மூச்சு நிற்பது என்று அவதிப்படுகிறவர்களுக்கு இவை பெரிய உதவி. பசியின் இரைச்சலைக் குறைக்கின்றன.

ஆனால் கேளுங்கள். வீகோவியில் உள்ள மருந்தான செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. கொழுப்போடு தசையும் போகிறது, அதனால் ஊசி போட்டாலும் புரதமும் தசைப் பயிற்சியும் தப்பாது. கணையத்தில் அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்று உள்ளவர்கள் பக்கத்தில் போகவே கூடாது. ஆகவே நண்பர் போட்டார் என்று நீங்களும் வாங்கிப் போடாதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவர் கண்காணிப்பில் மட்டும்.

ஊசியைப் போட்டுக்கொண்டு, காரிலேயே வாசல் வரை போய், சாயந்திரம் கிளப்பில் உட்காருவதுதான் திட்டம் என்றால், தீபாவளிக் கேள்வியை உங்களிடமும் கேட்பேன். ரேஸ் கோர்ஸ் சாலை கோவையில்தானே இருக்கிறது? தமிழ்நாட்டிலேயே நடக்க ஆசை வரும் இடங்களில் ஒன்று. எங்கள் ஊர்க்காரர்கள் பொறாமைப்படுகிறோம்.

எட்டு மாதமாகத் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். எண்ணெய், இனிப்பு குறைத்துவிட்டேன். முதல் மூன்று மாதத்தில் 4 கிலோ குறைந்தது. அப்புறம் அசையவே இல்லை. நடந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது.
*பள்ளி ஆசிரியர், காரைக்குடி*

உங்களுக்காகவே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது சார். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டும் சொன்னார்கள். 2006-ல் முடிவு வந்தது. அவர்களுக்குச் சர்க்கரை நோயாக முற்றுவது 28.5 சதவீதம் குறைந்திருந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான், 26.4. இதில் முக்கியமான விஷயம், நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை இயந்திரத்துக்குத் தெரியாத வேலை உள்ளே நடந்திருக்கிறது. நடக்கிற தசை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, இன்சுலின் பேச்சைக் கேட்கப் பழகுகிறது.

எடை நின்றதற்கும் காரணம் உண்டு. 4 கிலோ இலேசான உடம்பை அதே தூரம் நடத்திச் செல்லக் குறைந்த எரிபொருள் போதும். இரண்டு மாற்றம் செய்து பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் நடையின் நடுவே, இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம் என்று மாற்றி மாற்றி நடங்கள். இரண்டு நாள் நடையைக் குறைத்துக்கொண்டு தசைப் பயிற்சி செய்யுங்கள். கையில் தூக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். ஸ்டாஃப் ரூமில் பிறந்தநாள் இனிப்பு, மாலை நாலு மணி பஜ்ஜி இவற்றையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். செட்டிநாட்டில் மாலைப் பலகாரத்தைக் கணக்கில் எழுதுகிற பழக்கம் குறைவு என்று கேள்வி.

நடையை மட்டும் நிறுத்தாதீர்கள். மூன்று மாத சராசரிச் சர்க்கரையைப் போன தடவை எப்போது பார்த்தீர்கள்? இந்த மாதம் பார்த்துவிட்டு, எட்டு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். பெல்ட்டில் எத்தனையாவது ஓட்டைக்கு வந்திருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.